ஈரல் கேட்கிற டோர்கஸ்

ஓடம் கரையில் முட்டுவதற்கு முன்பே டோர்கஸ் டிபியா முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றுவிடுவாள். வலது கையில் மூங்கில் கத்தி, இடது கையில் மூடி போட்ட பால்மாவு டின். யாரையும் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். ஓடத்துக்குள் கையை விட்டு, கெளுத்தி ஒன்றைச் செவுளில் பிடித்துத் தூக்குவாள். வயிற்றில் ஒரு கீறல். ஈரல் டின்னுக்குள் விழும், மீன் உடையவள் மடியில் விழும். அடுத்த மீன். அடுத்த ஓடம்.

"மீன் எங்களுது. ஈரல் மட்டும் உங்கப்பன் வீட்டுதா?" என்று துடுப்பைத் தூக்கிக்கொண்டு பெண்கள் கத்துவார்கள்.

"எங்கப்பன் வீட்டுதா இருந்தா உனக்கே அவிச்சுக் குடுத்திருப்பேனே. இது மேல இருக்கிறவன் வீட்டுது. அதான் திரும்ப வாங்குறேன்."

மேலே இருக்கிறவன் என்று அவள் சொல்வது கடவுளை அல்ல. அவேரா ஆறு பிறக்கிற மலையைக் குடைந்துகொண்டிருக்கும் செம்புச் சுரங்கத்தை. சுரங்கம் என்ற சொல்லை அவள் வாயில் யாரும் கேட்டதில்லை. ஊருக்குப் புதிதாக வந்த போதகர், "மேல இருக்கிறவன் கழுவி ஊத்துறதைத்தான் நாம குடிக்கிறோம், அவனுக்கு வெக்கமே கெடையாது" என்று அவள் துறையில் பேசுவதைக் கேட்டுப் பதறி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவளுடைய ஆன்மாவுக்காகத் தனியே ஜெபித்தார். விவரம் தெரிந்தபின் மறுவாரம் சுரங்க அதிகாரிகளுக்காக ஜெபித்தார். டோர்கஸ் எழுந்து வெளியே போய், ஜெபம் முடியும்வரை மழையில் நின்றாள்.

ஐம்பதை நெருங்கும் வயது. குள்ளம், அகன்ற தோள். கெளுத்தியின் முள் குத்திப் புடைத்த தழும்பு ஒன்று மணிக்கட்டில் நரம்புபோல ஓடுகிறது. பாக்கும் சுண்ணாம்பும் மென்று சிவந்த வாய். அந்த வாய்க்கு ஓய்வு நாள் கிடையாது. கிளம்பாத படகு மோட்டாரைத் திட்டும், கூரையில் விழும் மழையைத் திட்டும், தூங்குகிற நாயை எழுப்பித் திட்டும். அவள் வீட்டுப் பக்கத்திலிருந்து சத்தம் வராவிட்டால்தான் ஊர் என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்க்கும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எதைப் பார்த்தாலும் கண்ணாலேயே அளந்துவிடுவாள். பிறந்த குழந்தையைக் கொண்டுவந்து காட்டினால், துணியை விலக்கிப் பார்த்து, "நாப்பத்தொம்பது சென்டிமீட்டர். மூணு கிலோவுக்கு ஒரு கைப்பிடி கொறச்சல்" என்பாள். சுகாதார நிலையத்துத் தாதி அளந்தாலும் அதுவேதான் வரும். ஊர்த் தலைவர் பகாலி ஒருமுறை புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தபோது, மேலும் கீழும் பார்த்துவிட்டு, "போன மாசத்துக்கு ரெண்டு கிலோ ஏறியிருக்கீங்க தலைவரே. யாரு போட்ட தீனி?" என்றாள். சுரங்கத்தார் கொடுத்த படகில்தான் அவர் அன்று வந்திருந்தார்.

இந்தக் கண் அவளுக்கு வேலையில் வந்தது. அதுவும் மேலே இருக்கிறவன் கொடுத்த வேலை.

பதினோரு வருஷம் அவள் சுரங்கத்தின் மீன் ஆய்வுக் குழுவில் வலை பிடித்தாள். வருஷத்துக்கு நான்கு தரம் ஹெலிகாப்டர் வந்து பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கும். நீலப் பெட்டிகள், ஐஸ், கையுறைகள், மீன் அளக்கும் பலகை. ஆற்றுக்கு வாய் முதல் வால் வரை எண் போட்டு வைத்திருந்தார்கள். டோர்கஸின் ஊர் நிற்கிற வளைவு ஏழாம் நிலையம். சுரங்கத்தின் சாம்பல் வண்டல் சேராத கிளை ஓடை ஒன்று ஊருக்கு மேற்கே இருக்கிறது. அங்கேயும் வலை போடுவார்கள், இதையும் அதையும் ஒப்பிட்டுப் பார்க்க. நாற்பது மீன் பிடிபடும். நீளம், எடை, ஆணா பெண்ணா என்று அவள் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதுவார். பிறகு முதுகுத் தசையைத் தோல் நீக்கி, பக்கத்துக்கு ஒரு துண்டாக அறுத்துப் பையில் போட்டு ஐஸில் வைப்பார்கள். மிச்சத்தை ஆற்றில் வீசுவார்கள்.

முதல் நாளே அவள் பதறிக் கையை நீட்டித் தடுத்தாள். "அய்யய்யோ, இதைப் போயா எறியறீங்க?"

குழுவின் தலைவர் கிரெய்க் சிரித்தார். ஆஸ்திரேலியர். ஊர்ப் பேச்சு நன்றாக வரும், பெண்களைப் பெயர் சொல்லி நலம் விசாரிப்பார். "வேணும்னா எடுத்துக்குங்க டோர்கஸ். எங்களுக்கு இது தேவைப்படாது."

அன்றிலிருந்து ஆய்வு நாள் என்றாலே ஊருக்கு விருந்து. நாற்பது தலை, நாற்பது ஈரல். சேகோ பனையின் மாவில் பிசைந்து, இலையில் பொதிந்து, சூடான கல்லில் வேகவைப்பாள். ஈரல் மெத்தென்று இருக்கும் என்பதால் பல் போனவர்களுக்கும் பல் முளைக்காதவர்களுக்கும் முதலில் ஈரல். நடுவில் இருப்பவர்களுக்குத் தலை. அவள் கணவன் கைமாவுக்கு இரண்டும். பதினோரு வருஷத்தில் எத்தனை ஈரல் என்று யாரும் அவளைக் கேட்பதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள். அதற்குப் பயந்துதான் கேட்பதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஆய்வு முடிவைச் சொல்கிறோம் என்று சபைக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். சுவரில் ஒரு படம் மாட்டினார்கள். பச்சை நிறத்தில் ஒரு கெளுத்தி, மனிதனைப்போலச் சிரித்துக்கொண்டிருந்தது. ஆற்று மீன் உண்ணத் தகுந்தது, எல்லா நிலையங்களிலும் உலோக நஞ்சின் அளவு வரம்புக்குள் இருக்கிறது என்றார் கிரெய்க். பகாலி கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். டோர்கஸும் தட்டினாள். அவள் பிடித்த மீன் அல்லவா?

தட்டிய கை பாதியில் நின்றது. எழுந்தாள்.

"பாஸ், ஒண்ணு கேக்கணும். எந்த மீனை வச்சு சொல்றீங்க?"

"நீங்க பிடிச்சுக் குடுத்த மீன்தான் டோர்கஸ்."

"அது தெரியுது. மீன்ல எந்த இடம்?"

"தோல் நீக்கிய சதை. அதுதான் முறை."

"அதை நாங்க புகைபோட்டு டவுன் சந்தைக்கு அனுப்பிருவோமே. வீட்டுல திங்கிறது தலையும் ஈரலும்தானே. அதுல என்ன இருக்கு?"

கிரெய்க் கொஞ்சம் யோசித்தார். "அதைப் பார்க்கிறது திட்டத்துல இல்லை. உலகம் முழுக்க இப்படித்தான் செய்றாங்க."

"உலகம் முழுக்க மீன் தலையைத் தூக்கி வீசிருதா?"

கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. கிரெய்க்கும் சிரித்தார். அந்தச் சிரிப்பை டோர்கஸ் இன்றுவரை அவருக்கும் மன்னிக்கவில்லை, ஊருக்கும் மன்னிக்கவில்லை. அவள் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. பதினோரு வருஷமாக மேலே இருக்கிறவன் சோதித்துப் பார்த்ததெல்லாம் ஊர் விற்றுவிடுகிற துண்டு. ஊர் தின்கிற துண்டை அவன் அவள் கையிலேயே கொடுத்து, அவள் கையாலேயே ஊட்ட வைத்திருக்கிறான்.

அடுத்த ஆய்வு நாளில் அவள் சதைத் துண்டு ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் இலை போட்டு, அதே மீனின் ஈரலை வைத்தாள். நாற்பது இலை வரிசையாக. "இதையும் எடுத்துட்டுப் போங்க" என்றாள். முடியாது, பையும் இல்லை, அனுமதியும் இல்லை என்றார்கள். அப்படியானால் வலையையும் நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள் என்று கையுறையைக் கழற்றிப் பலகைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த முறை வலை பிடித்தவள் சவியா, கைமாவின் தங்கை.

"என்ன அண்ணி மொறைக்கிற? நீ விட்டதைத்தானே நான் பிடிச்சேன். என் வீட்டுலயும் அடுப்பு எரிய வேண்டாமா?"

"எரியட்டும்டி. எரிஞ்சு நல்லா அவி. அந்த ஈரலைத்தானே அவிக்கப் போற."

அதன்பின் இருவரும் ஒரே வாய்க்காலில் பாத்திரம் கழுவினாலும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் கழுவினார்கள்.

கைமாவின் கால் வீங்கத் தொடங்கியது அந்த மழைக்காலத்தில்தான். காலையில் கண் இமை தடித்திருக்கும். மாலையில் கணுக்கால் காணாமல் போயிருக்கும். டவுன் ஆஸ்பத்திரியில், சிறுநீரகம் ஓட்டை விழுந்த கூடைபோல ஒழுகுகிறது என்றார்கள். எதனால் என்று கேட்டதற்கு, எத்தனையோ காரணம் இருக்கலாம் என்றார்கள். கைமா வாழ்க்கையில் ஒருபோதும் கோபப்படாத மனிதர். இவளுக்கு எப்படி வாய்த்தார் என்று ஊர் வியக்கும். படகில் திரும்பும்போது அவர், "எங்கிட்ட ஏன் இவ்வளவு கேள்வி கேக்குற? பேசாம என் ஈரலையும் அறுத்து உன் டின்னுல போட்டுப் பாரேன்" என்றார். படகில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். டோர்கஸ் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைநகரத்துப் பல்கலைக்கழகத்தில் மீனைச் சோதிக்கிற டாக்டர் கிலா என்ற பெண்ணின் பெயரைத் தாதியிடம் கேட்டு எழுதி வாங்கியது அதற்கு மறுநாள்.

ஆய்வை அவளே செய்தாள். வேறு எப்படிச் சொல்வது? ஏழாம் நிலையத்து வளைவில் இருபத்து மூன்று கெளுத்தி, மேற்கு ஓடையில் இருபது. ஒரே அளவு மீனாகப் பார்த்துப் பொறுக்கினாள். சாதாரண இரும்புக் கத்தி பட்டால் அதன் உலோகம் ஒட்டிச் சோதனை கெட்டுவிடும் என்று கிரெய்க் பிறரைக் கடிந்துகொண்டதை அவள் நூறு தரம் கேட்டிருக்கிறாள். அதனால் மூங்கிலைப் பிளந்து கத்தி செய்துகொண்டாள். ஒவ்வொரு ஈரலும் ஒரு புதுப் பையில். பைக்குள் எண் எழுதிய சீட்டு. பள்ளி நோட்டில் நீளம், எடை, ஆண், பெண், இடம், தேதி. சுகாதார நிலையத்து ஃபிரிட்ஜில் தடுப்பூசி இருக்கிறது, மீன் வைக்க முடியாது என்று தாதி சொல்லிவிட்டாள். டோர்கஸ் அவளைத் திட்டவில்லை. அது நியாயம். கடைக்காரரின் சோலார் ஐஸ் பெட்டியில் ஆட்டிறைச்சிக்கு அடியில் இடம் பிடித்தாள்.

"அக்கா, நாத்தம் வந்துச்சு, என் யாவாரம் போச்சு" என்று அவர் தினமும் அழுதார்.

"நாறுறது உள்ள இருக்கிறது இல்ல தம்பி. ஆத்துல ஓடுது. அதுக்கு அழு."

முதல் பெட்டி வீணாய்ப் போனது. வாரத்துக்கு ஒன்றாக வரும் சின்ன விமானம் மேகம் காரணமாக நான்கு நாள் வரவில்லை. ஓடுதளத்துக் கொட்டகையில் கிடந்த பெட்டியை யாரோ மூக்கைப் பிடித்துக்கொண்டு புதரில் எறிந்துவிட்டார்கள். டோர்கஸ் வீட்டுக்கு வந்து பாயில் படுத்தாள். இரண்டு நாள் யாரையும் திட்டவில்லை. ஊர் பயந்துபோய் அவள் படிக்கட்டில் வாழைக்குலையும் கிழங்கும் கொண்டுவந்து வைத்தது. மூன்றாம் நாள் காலை, வைத்த வாழை பிஞ்சு என்று அவள் கத்துகிற சத்தம் கேட்டு எல்லோரும் நிம்மதியாக வேலைக்குப் போனார்கள். வலையை எடுத்துக்கொண்டு அவளும் இறங்கினாள். மறுபடியும் இருபத்து மூன்று. மறுபடியும் இருபது. இந்த முறை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவளே விமானத்தில் போனாள். பிறந்து அதுவரை விமானம் ஏறியதில்லை. கீழே சுரங்கம் தெரிகிறது பார் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டர் கிலா கடற்கரை ஊர்ப் பெண். நோட்டைப் புரட்டினார். பைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரும்மா அறுத்தது? எதால?"

டோர்கஸ் தோளில் தொங்கிய பின்னல் பையிலிருந்து மூங்கிலை எடுத்துக் காட்டினாள்.

"இதை எங்க பசங்களுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வருஷம் ஆவுது" என்றார் கிலா.

ஐந்து மாதம் கழித்து முடிவை அவரே படகில் கொண்டுவந்தார். டோர்கஸின் வீட்டுத் தரையில் கைமாவும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். சதையில் அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது. ஈரலில் கேட்மியம் என்ற நஞ்சு, மேற்கு ஓடை மீனைவிடப் பதினாறு மடங்கு. அது சிறுநீரகத்தில் போய்த் தங்கும், எளிதில் வெளியேறாது.

"அப்ப அவங்க சொன்னது பொய்தானே?"

"இல்லம்மா. பொய் சொல்லலை. சதையைப் பார்த்தாங்க, சதையில இல்லைன்னு சொன்னாங்க. அது நிஜம்தான்."

"பொய் சொல்லியிருந்தாக்கூடத் தேவலையே! பொய் சொன்னவன் சட்டையைப் பிடிச்சு உலுக்கலாம். இவனுங்க கேக்காமயே விட்டுட்டானுங்களே. பதினோரு வருஷம் எங்கூடவே நின்னு, நான் எடுத்துட்டுப் போறதைப் பாத்துக்கிட்டே!" அவள் தரையை ஓங்கி அறைந்தாள். பிறகு கைமாவின் காலைப் பார்த்தாள். "இது அதனாலதானா?"

கிலா பொய்யான ஆறுதல் சொல்கிறவர் இல்லை. "தெரியாதும்மா. ரத்தம், சிறுநீர் பாக்கணும். இவருக்கு மட்டும் இல்ல, ஊர் மொத்தத்துக்கும். அதுக்கு எங்கிட்ட ஆளும் இல்ல, வசதியும் இல்ல. அவங்ககிட்ட இருக்கு."

"நாந்தானே டாக்டர் குடுத்தேன்" என்றாள் டோர்கஸ். மெதுவாகத்தான் சொன்னாள். கைமா வீங்கிய காலை நகர்த்தி அவள் முழங்காலைத் தொட்டார். அவள் தட்டிவிட்டாள். மறுநாள் காலை மூங்கிலையும் டின்னையும் எடுத்துக்கொண்டு துறையில் இறங்கினாள். வாங்கிய ஈரலையெல்லாம் வீட்டுக்குப் பின்னால் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்து, பன்றி தோண்டாமல் இருக்கக் கல்லைப் போட்டு வைத்திருக்கிறாள்.

போன மாதம் ஹெலிகாப்டர் திரும்ப வந்தது. கிலாவின் அறிக்கை செய்தித்தாளில் வந்துவிட்டிருந்தது. சபைக் கூடத்தில் பச்சை மீனைக் கழற்றிவிட்டுப் புதுப் படம் மாட்டினார்கள். அதில் கெளுத்தி சிரிக்கவில்லை. தலையிலும் வயிற்றிலும் சிவப்புக் கோடு போட்டு அடித்திருந்தது. மீன் தலையையும் ஈரலையும் உண்ண வேண்டாம். கிரெய்க்குக்கு முடி நரைத்திருந்தது. மேடையிலிருந்து அவளைப் பார்த்து, "இது உங்க வெற்றி, டோர்கஸ். நீங்க கேட்டது சரி. இனி ஈரலையும் சோதிப்போம்" என்றார். பகாலி கை தட்டினார்.

"மனுஷனை எப்ப சோதிப்பீங்க?" என்றாள் அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"அது... எங்க துறைக்குள்ள வராது. மேலிடத்துக்கு எழுதுறேன்."

பிறகு ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டார்கள். ஊராருக்கு எச்சரிக்கை தரப்பட்டது, அவர்கள் புரிந்துகொண்டார்கள் என்று மேலே அச்சடித்திருந்தது. கீழே பெயருக்கும் கையெழுத்துக்கும் கட்டம். வெளியே சோறும் டின் மீனும் கொதித்துக்கொண்டிருந்தன. பசி நேரம். ஆளாளுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். எழுதத் தெரியாதவர்கள் கட்டைவிரல் வைத்தார்கள். கைமாவும் வைத்தார். மூன்று வருஷமாகப் பேசாத சவியா, மை பட்ட விரலை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டே தாளை டோர்கஸிடம் நீட்டினாள்.

"போடு அண்ணி. நீ தொண்டை கிழியச் சொன்னதைத்தானே அவங்களும் எழுதியிருக்காங்க?"

டோர்கஸ் தாளை எழுத்து எழுத்தாகப் படித்தாள். "நான் சொன்னது திங்காதீங்கன்னு. அவன் எழுதியிருக்கிறது, தின்னா என்னைக் கேக்காதீங்கன்னு. ரெண்டும் ஒண்ணாடி?"

சவியா மை படிந்த தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டோர்கஸ் தாளை நான்காக மடித்தாள். பெஞ்சில் தனக்கு அடியில் வைத்து, அதன்மேல் நன்றாக அழுந்தி உட்கார்ந்தாள்.

சோறு பரிமாறி முடிந்தது. பெட்டிகளை ஏற்றி முடித்தார்கள். மேற்கே மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. மைதானத்தில் ஹெலிகாப்டரின் விசிறி சுற்றத் தொடங்கியது. கிரெய்க் கூடத்துக்குள் திரும்பி வந்தார்.

"டோர்கஸ், அந்தத் தாள் வேணும். அது இல்லாம நான் போக முடியாது."

"மனுஷனை எப்ப சோதிப்பீங்க?" என்று மறுபடி கேட்டுவிட்டு அவள் பாக்கை உடைத்து வாயில் போட்டாள்.

"டோர்கஸ், தயவுசெய்து. மழை வருது."

கதவுக்கு வெளியே விமானி கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினான். கூடத்தில் யாரும் அசையவில்லை. சவியா மெல்ல வந்து டோர்கஸின் பின்னால் நின்றாள். கைமா கம்பை ஊன்றிக்கொண்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார், வீங்கிய காலை வழியை அடைத்து நீட்டிக்கொண்டு.

டோர்கஸ் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு, அந்தப் பலகையை உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டினாள்.

"உக்காரு."